படகுக்காக வீடு பார்த்தது

அண்ணன் அதைக் கூடாரம் என்று நினைத்துத்தான் வாங்கி வந்தார்.

மாம்பழப் பருவத்தில் எங்கள் தோப்புக் காய்களை லாரியில் ஏற்றிக்கொண்டு பெங்களூர் மார்க்கெட்டுக்குப் போவதும், திரும்பும்போது எதையாவது வாங்கி வந்து அம்மாவிடம் திட்டு வாங்குவதும் அவர் வழக்கம். வெள்ளைக்காரர்கள் போய்ச் சில வருஷங்களே ஆகியிருந்த காலம். பெங்களூரில் பட்டாளம் தங்கியிருந்த தண்டுப் பகுதியில் அவர்களுடைய பழைய சாமான்களை ஏலம் விடுவார்கள். ஒரு வருஷம் கம்பளிப் போர்வைகள் வந்தன. இன்னொரு வருஷம் இரும்புக் கட்டில். அந்த வருஷம் ஆள் உயரத்துக்கு இரண்டு பச்சைக் கித்தான் பைகள் வந்து இறங்கின. தோப்புக் காவலுக்கு இனிக் குடிசை போட வேண்டாம், கூடாரம் அடித்துக்கொள்ளலாம் என்று அண்ணன் பெருமையாகச் சொன்னார்.

கிருஷ்ணகிரியிலிருந்து மாட்டு வண்டி தூரத்தில் எங்கள் ஊர். வீட்டுக்கு முன்னால் களம். அதில் பைகளை அவிழ்த்துக் கொட்டினார்கள் அண்ணனும் அண்ணியும். பித்தளைப் பூண் போட்ட நீளநீளக் குச்சிகள், விலா எலும்பு மாதிரி வளைந்த பலகைகள், அடியில் ரப்பர் பூசிய பெரிய துணி. மத்தியானம் முழுவதும் அதை நிற்கவைக்கப் பார்த்தார்கள். நிற்கவே இல்லை.

நான் கட்டிலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது இருக்கும். மூன்று வயதில் வந்த காய்ச்சலில் இடது கால் சூம்பிப்போய்விட்டது. அக்குளில் ஒரு தடியை ஊன்றிக்கொண்டு நடப்பேன். ஓடியாடும் வேலை என்னிடம் வராது. உட்கார்ந்து செய்கிற வேலை எல்லாம் என்னுடையது. ராகி திரிப்பேன், மாவாட்டுவேன், வற்றலுக்கு மாங்காய் அரிவேன். கிணற்று மேடையில் ஒரு கல்லில் உட்கார்ந்து வீட்டுக்கு வேண்டிய தண்ணீர் முழுவதையும் நானே சேந்துவேன். காலுக்குப் போகாத பலம் எல்லாம் கைக்குப் போயிருந்தது.

"ண்ணா," என்றேன். "அந்தக் குச்சிங்க நிக்கவெக்கறதுக்கு இல்ல போல. படுக்கவெச்சுப் பாரு."

படுக்கவைத்தார்கள். பூணோடு பூண் சேர்ந்தது. விலாப் பலகைகள் நடுவில் பொருந்தின. துணியை மேலே இழுத்ததும் களத்தில் நீளமாக ஒரு பெரிய மீன் கிடப்பதுபோல இருந்தது.

உள்ளேயிருந்து வந்த அம்மா பார்த்துவிட்டு வாசலிலேயே நின்றுவிட்டாள். "அட பாவிங்களா, நடு வீட்டு முன்னால பாடை கட்டி வெச்சிருக்கீங்களேடா!"

அண்ணிதான் முதலில் சிரித்தாள். அவள் தளிப் பக்கத்துப் பெண், வீட்டில் கன்னடம் பேசி வளர்ந்தவள். காவேரியில் பரிசல் போவதைப் பார்த்திருக்கிறாள். "பாடை இல்ல அத்தை, இது ஓடம். இதோ பாருங்க, துடுப்பு" என்று மிச்சமிருந்த ஒரு கட்டையை எடுத்துக் காட்டினாள். இரண்டு முனையிலும் அகப்பை வைத்த மாதிரி இருந்தது அது.

காசு கொடுத்து வாங்கியாயிற்று. மழைக்காலம் வந்து ஊர் ஏரி நிரம்பியதும் ஒரு சாயங்காலம் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனோம். அண்ணன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறினார். ஏறிய வேகத்திலேயே கவிழ்ந்தார். முழங்கால் தண்ணீர்தான், ஆனால் கரையில் கூடியிருந்த பாதி ஊரும் சிரித்தது. எழுந்து, முகத்துச் சேற்றை வழித்துவிட்டு, படகைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். காலை நீட்டி உட்காருகிற இடம். காலின் மேல் மூடிக்கொள்ளத் துணி. பிறகு என்னைப் பார்த்தார்.

"பாப்பா, நீ ஒக்காந்து பாக்கறியா?"

நடக்கிற பேச்சே இல்லை. என் தடி ஏரிச் சேற்றில் ஊன்றினால் முழம் ஆழம் இறங்கிவிடும். அண்ணன் என்னை முதுகில் சுமந்துகொண்டு போய் உட்காரவைத்தார். ஊரே பார்க்க, கல்யாண வயதில் ஒரு பெண் அண்ணன் முதுகில் தொங்கிக்கொண்டு போவது எப்படி இருந்திருக்கும்! எனக்கு உடம்பெல்லாம் கூசியது. ஆனால் உட்கார்ந்து துடுப்பைக் கையில் வாங்கி, இந்தப் பக்கம் ஒரு இழுப்பு, அந்தப் பக்கம் ஒரு இழுப்பு இழுத்ததும் படகு போய்விட்டது. நேராகப் போயிற்று.

இதை எப்படிச் சொல்வது? நான் நடக்கும்போது ஒவ்வொரு அடிக்கும் ஒரு தோள் இறங்கி ஏறும். எதிரில் வருகிறவர் முகம்கூட எனக்கு மேலும் கீழும் ஆடித்தான் தெரியும். அன்றைக்குத்தான் இரண்டு தோளும் ஒரே மட்டத்தில் இருக்க நான் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் போனேன். எதிர்க்கரைப் பனைமரங்கள் ஆடாமல் என்னை நோக்கி வந்தன.

அன்று இரவு அம்மா சோறு போட்டுக்கொண்டே சொன்னாள்: "போதும்டா. ஆவணியில பொண்ணு பாத்துட்டுப் போன சிங்காரப்பேட்டைக்காரங்க இன்னும் ஒண்ணும் சொல்லி அனுப்பல. அதுக்குள்ள என் பொண்ணு ஊருக்கு வேடிக்கை ஆயிட்டா. அதை மூட்டை கட்டிப் பரண்ல போடு."

அண்ணன் மூட்டை கட்டிப் பரணில் போட்டார். தண்ணீர் சேந்தும்போது என் கை தானாக அந்த இழுப்பை இழுத்துப் பார்க்கும்.

அண்ணன் அதைக் கவனித்திருக்க வேண்டும். கார்த்திகை பிறந்ததும் ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் மெதுவாக ஆரம்பித்தார். "மார்கழியில தோப்புல வேலை இல்ல. ஏரிக்கரையில ஒரு வீடு எடுத்துக் கொஞ்ச நாள் தங்கிட்டு வரலாம்னு இருக்கறோம். பெங்களூர்ல பெரிய மனுசங்கல்லாம் அப்பிடித்தான் போறாங்க."

"சொந்த வீடு இருக்கும்போது வாடகை வீடா?" என்றாள் அம்மா.

"வீடு இருக்குது. ஏரி இல்லியேம்மா."

"நம்மூர்ல இருக்கறது என்னா, கொளமா?"

"அங்கதான் ஊரே வந்து நிக்குதே. நம்மள யாருன்னு தெரியாத ஊரா இருந்தா வேடிக்கை பாக்க என்னா இருக்குது?"

"எங்கம்மா வீட்டுப் பக்கந்தான் அத்தை, நானும் கூட இருப்பேன்" என்று அண்ணி சொன்னதும், அம்மா சோற்றுப் பானையை மூடிவிட்டு, "என்னமோ பண்ணுங்க" என்று எழுந்து போனாள்.

லாரி டிரைவர்களிடமும் மண்டி ஆட்களிடமும் சொல்லிவைத்து அண்ணன் மூன்று வீடுகளுக்குத் துப்புப் பிடித்திருந்தார். அவர் மட்டும் போய்ப் பேசி முடித்துவிடுவார் என்றுதான் நினைத்தேன். "நீயும் கெளம்பு" என்றார். "ஓட்டப்போறது நீ. நீ பாக்காம நான் எப்பிடி முடிக்கறது?" வீட்டுக்கு மாடு வாங்கினாலும் மருமகள் பார்த்தாலும் நான் கட்டிலில் இருந்து கேட்டுக்கொண்டவள்தான். ஒன்றைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க என்னை யாரும் கூப்பிட்டதில்லை. அண்ணி கட்டிக்கொடுத்த ராகிக் களியை வாழையிலையில் பொட்டலமாக எடுத்துக்கொண்டு, தெரிந்த லாரியில் முன்பக்கம் மூவரும் நெருக்கி உட்கார்ந்து கிளம்பினோம்.

முதல் வீடு ஓசூருக்கு முன்னால். வேட்டைக்கு வருகிற வெள்ளைக்காரன் ஒருவன் கட்டியது. பெங்களூர் வியாபாரி ஒருவர் வாங்கிப் போட்டிருந்தார். கண்ணாடி ஜன்னல்கள், குளிர்காய அடுப்பு, உள்ளேயே குளிக்கும் தொட்டி. அண்ணன் தொட்டியைத் தட்டிப் பார்த்தார், கதவுகளைத் திறந்து மூடினார். முகமெல்லாம் சிரிப்பு. "பாத்தியா பாப்பா, ராஜா வீடு!"

நான் வராந்தாவின் ஓரத்துக்குப் போய் நின்றேன். ஏரி அழகாகத்தான் இருந்தது. ஆனால் கீழே, வெகு கீழே இருந்தது. குன்றில் வெட்டிய படிகள் செங்குத்தாக இறங்கின. காவல்காரர் நல்ல மனிதர். என் தடியைப் பார்த்துவிட்டு, "கவலப்படாதம்மா, நாற்காலியில ஒக்கார வெச்சு ரெண்டு ஆளு தூக்கிட்டுப் போயி எறக்கிடுவோம்" என்றார்.

"ஆள் எதுக்கு? நான் தூக்கறேன்" என்றார் அண்ணன்.

"தூக்கிட்டுப் போறதுக்கு நம்மூர் ஏரியே போதும்ண்ணா."

அண்ணன் முகம் சுண்டிப்போயிற்று. அண்ணி என் கையை ஒரு முறை அழுத்தினாள். அவ்வளவுதான், லாரி ஏறிவிட்டோம்.

இரண்டாவது, தளியைத் தாண்டி ஜவளகிரிக்குப் போகும் வழியில், காட்டு ஓரத்தில். மர வியாபாரி ஒருவருடைய ஓட்டு வீடு. அதைப் பார்த்ததுமே எனக்குப் பிடித்துவிட்டது. வாசலிலிருந்து புல்தரை அப்படியே சரிந்து தண்ணீரில் போய் முடிந்தது. படி இல்லை, சேறும் அதிகம் இல்லை. கறுப்பு நிறத்தில் குளிர்ந்த தண்ணீர், சுற்றிலும் மூங்கில். இதுதான் என்று மனதுக்குள் முடிவே செய்துவிட்டேன்.

அண்ணி அக்கம்பக்கத்தில் விசாரிக்கப் போயிருந்தாள். விறகு கட்டிக்கொண்டிருந்த ஒரு பெண்ணிடம் கன்னடத்தில் நெடுநேரம் பேசிவிட்டு வந்தாள்.

"எல்லாம் நல்லா இருக்குதாம். சாயங்காலம் மட்டும் தண்ணிப் பக்கம் போகக் கூடாதாம்."

"ஏன்?"

"ஆனைங்க தண்ணி குடிக்க வருமாம்."

"எப்பவாச்சும் வரும், அதுக்கென்னா?" என்றார் அண்ணன்.

"தெனமும் வருமாம். சில நாள் காலையிலயும் வருமாம்."

"அப்ப நாம மத்தியானத்துல ஓட்டலாம்."

"ஆனை கடியாரம் பாத்துட்டா வருது?" என்றாள் அண்ணி.

நான் தண்ணீர் ஓரத்தில் பார்த்தேன். முறம் அகலத்துக்கு ஒரு பள்ளம். அதில் தண்ணீர் தேங்கி நின்றது. பக்கத்தில் இன்னொன்று, அப்புறம் சின்னதாக ஒன்று. குட்டியும் வரும் போல. ஆசை ஆசையாக நின்றுகொண்டிருந்த இடத்தைவிட்டு நானே முதலில் திரும்பினேன்.

திரும்பி ஓசூர் வரும் வழியில் அண்ணனிடம் மூன்றாவது வீடு எங்கே என்று கேட்டதற்கு, "அது வேணாம் பாப்பா, வீடே இல்ல அது. ஆலைக் கொட்டாய்" என்றார். வந்தது வந்தோம், பார்த்துவிட்டே போகலாம் என்றேன்.

அவர் சொன்னது சரிதான். கரும்பு ஆட்டி வெல்லம் காய்ச்சுகிற கொட்டாய் அது. நடுவில் பள்ளமாக அடுப்பு, அதன்மேல் கவிழ்த்துப் போட்ட பெரிய இரும்புக் கொப்பரை. பக்கத்தில் ஆட்கள் தங்க இரண்டு அறைகள், கரி பிடித்த சுவர். எங்கும் பாகு வாசனை. தைப் பொங்கலுக்கு அப்புறம்தான் ஆலை ஓடும், அதுவரை சும்மா கிடக்கிறது என்றார் அதன் சொந்தக்காரர். தெலுங்கு பேசுகிற விவசாயி, அண்ணனைவிடப் பத்து வயது மூத்தவர் இருப்பார். மறைக்கிற பழக்கமே இல்லாத மனிதர்.

"எறும்பு இருக்கும்மா. நெறய இருக்கும். மொதல்லயே சொல்லிப்போடறேன். அப்பறம் என்னைத் திட்டக் கூடாது."

அண்ணன் என்னைப் பார்த்தார், போய்விடலாமா என்கிற மாதிரி. நான் கொட்டாயின் பின்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன். அங்கே ஒரு துறை. வண்டி மாடுகளைத் தண்ணீர் காட்டவும் குளிப்பாட்டவும் இறக்குகிற இடம். அகலமான கற்களைப் பதித்து, வண்டியே இறங்குகிற மாதிரி மெல்லச் சரித்துக் கட்டியிருந்தார்கள். கல் தண்ணீருக்கு உள்ளேயும் கொஞ்ச தூரம் போயிற்று.

யாரிடமும் சொல்லாமல் நடந்தேன். முதல் கல்லில் தடியை ஊன்றினேன். வழுக்கவில்லை. மாட்டுக் குளம்பு வழுக்காமல் இருக்கக் கல்லைக் கொத்திச் சொரசொரப்பாக்கி வைத்திருந்தார்கள். தடி முனை கல்லில் டக் டக்கென்று கேட்டது. சேற்றில் அது எப்போதும் சத்தமே போடாது; விழுங்கிக்கொள்ளும். தண்ணீர் கல்லைத் தொடுகிற இடம் வரைக்கும் போய், மெதுவாகக் கையை ஊன்றி உட்கார்ந்து, தண்ணீரில் கை வைத்தேன். படகை இங்கே பக்கவாட்டில் நிறுத்தினால் கல்லிலிருந்து அப்படியே உள்ளே நகர்ந்துகொள்ளலாம். யாரும் தூக்க வேண்டியதில்லை.

திரும்பிப் பார்த்தேன். மேலே மூன்று பேரும் நின்றிருந்தார்கள். அண்ணன் கைகள் இரண்டும் முன்னால் நீண்டபடி இருந்தன. ஓடிவந்து பிடிக்கத் தயாராக இருந்தார் போல. ஓடி வரவில்லை. அதற்காக அவருக்கு நான் இன்றைக்கும் கடமைப்பட்டிருக்கிறேன்.

உட்கார்ந்த இடத்திலிருந்தே சொந்தக்காரரைக் கேட்டேன். "தாமரைக்கொடி எந்தப் பக்கம் இருக்குதுங்க?"

"மேக்கால. இந்தப் பக்கம் சுத்தம்மா."

"வலை கட்டறாங்களா?"

"மதகுகிட்ட ரெண்டு பேர் கட்டுவாங்க. சொல்லிட்டா எடுத்துடுவாங்க."

"மார்கழி முடியற வரைக்கும் தண்ணி இந்தக் கல்லு மேல நிக்குமா, எறங்கிடுமா?"

அவர் மீசையைத் தடவிக்கொண்டார். "நிக்கும்மா. தை, மாசி வரைக்கும் நிக்கும். சித்திரையில வந்தீன்னா இந்த ஏரியில நீ வண்டிதான் ஓட்டணும்."

மேலே ஏறி வந்ததும் அண்ணன் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "பாப்பா, மாட்டுக் கொட்டாய் மாதிரி இருக்குதே."

"மாடு எறங்கற எடத்துல நானும் எறங்கிக்கறேன்ண்ணா."

அப்படித்தான் அந்த வீடு முடிவாயிற்று.

மார்கழி முதல் வாரத்தில் போனோம். ஓசூர்க் குளிர் எங்கள் ஊருக்குத் தெரியாத குளிர். விடிந்த பிறகும் ஏரி எங்கே ஆரம்பிக்கிறது, பனி எங்கே முடிகிறது என்று தெரியாது. பட்டாளத்துக் கம்பளியைப் போர்த்திக்கொண்டு மூவரும் கொப்பரை அடுப்பில் சுள்ளி போட்டுக் குளிர் காய்ந்தோம். எறும்பு சொன்னபடியே இருந்தது. கட்டில் காலுக்கெல்லாம் கொட்டாங்கச்சியில் தண்ணீர் வைத்தோம். அண்ணன் தரையில்தான் படுப்பேன் என்று ஒரு ராத்திரி வீம்பு பிடித்து, காலையில் உடம்பெல்லாம் தடித்து எழுந்தார்.

பனி கலைந்ததும் நான் துறையில் இறங்குவேன். அண்ணி படகைப் பிடித்துக்கொள்வாள், முதல் இரண்டு நாள். பிறகு அதுவும் வேண்டியிருக்கவில்லை. தடியையே துணி மடிப்பில் செருகிக்கொண்டு கிளம்பிவிடுவேன். ஏரியின் நடுவில் துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு சும்மா இருப்பேன். நீர்க்கோழிகள் பக்கத்திலேயே மேயும். அவற்றுக்கு என்னைப் பார்க்க ஆச்சரியம் ஒன்றும் இல்லை.

ஒரு மத்தியானம் அண்ணனையும் ஏற்றிக்கொண்டு போனேன். காற்று கிளம்பி எங்களை மேற்கே தள்ளித் தாமரைக்கொடிக்குள் செருகிவிட்டது. அண்ணன் பதறிக் கொடியைக் கையால் பிடித்து இழுக்க ஆரம்பித்தார். படகு ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

"ண்ணா, கையை உள்ள வை. ஆடாம இரு."

"கவுந்துடும் பாப்பா!"

"நீ சும்மா இருந்தா கவுறாது."

அவர் கையை மடியில் வைத்துக்கொண்டு, சொன்ன பேச்சுக் கேட்கிற பள்ளிப் பையன் மாதிரி உட்கார்ந்தார். நான் துடுப்பைத் திருப்பிப் போட்டுப் பின்பக்கமாகவே இழுத்து, வந்த வழியில் வெளியே கொண்டுவந்தேன். கரை சேர்ந்ததும் அண்ணியிடம், "இனிமே இவ சொல்றதுதான் சட்டம்" என்றார்.

துறையில் நாங்கள் இருப்பதைச் சொந்தக்காரரின் மனைவி தினமும் வந்து பார்ப்பாள். என்னைவிட நாலைந்து வயது பெரியவள். தமிழ் அவளுக்குக் கொஞ்சம்தான் வரும். ஒரு நாள் கூடை நிறைய அவரைக்காயுடன் வந்து அண்ணியிடம் தெலுங்கில் ஏதோ சொல்லி வெட்கப்பட்டாள். அன்றைக்கு அக்கரையில் சந்தை. கரையைச் சுற்றிப் போனால் வெயில் ஏறிவிடும். கொண்டுபோய் விடுவேனா என்று அவள் கேட்பதாக அண்ணி சொன்னாள்.

எனக்கு ஒரு நொடி புரியவில்லை. என்னிடமா? நான் ஒருத்தியைக் கொண்டுபோய் விடுவதா?

முன்னால் அவள் உட்கார்ந்தாள், மடியில் கூடை. ஏரியின் பாதி வரைக்கும் இரண்டு பக்கமும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு மூச்சே விடவில்லை. பிறகு ஒரு கையை விட்டாள். அந்தக் கையைத் தண்ணீரில் விட்டு அளைந்தாள். அக்கரையை நெருங்கும்போது திரும்பி, "காலுகி ஏமைந்தி?" என்றாள். காலுக்கு என்ன ஆயிற்று என்று.

"சின்ன வயசுல காய்ச்சல்" என்றேன்.

தலையை ஆட்டிக்கொண்டாள். ஐயோ என்றோ, பாவம் என்றோ சொல்லவில்லை. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீரில் இறங்கிக் கூடையைத் தலையில் வைத்தாள். "தங்கச்சி, இங்கயே இரு. வித்துட்டு வரேன்" என்று சொல்லிவிட்டுச் சந்தையைப் பார்த்து வேகமாகப் போய்விட்டாள்.

என் வாழ்க்கையில் எப்போதும் மற்றவர்கள்தான் எனக்காக நின்றிருக்கிறார்கள். திருவிழாவில், கல்யாண வீட்டில், வரப்பில், "இரு, அவ வரட்டும்" என்பதைக் கேட்டுக்கேட்டே வளர்ந்தவள் நான். அன்றைக்குத்தான் முதன்முதலாக நான் ஒருத்திக்காகக் காத்திருந்தேன். நாணல் நிழலில் படகை ஒதுக்கி, வெயில் ஏறுவதைப் பார்த்துக்கொண்டு, சந்தைச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு. வெறும் கூடையில் எனக்குப் பொரி வாங்கிப் போட்டுக்கொண்டு அவள் வந்தபோது, இன்னும் கொஞ்ச நேரம் கழித்து வந்திருக்கலாமே என்று இருந்தது.

அதற்கப்புறம் அந்த ஊர்ப் பெண்கள் ஒவ்வொருத்தராகக் கேட்க ஆரம்பித்தார்கள். ஒருத்திக்கு அக்கரையில் அக்கா வீடு, ஒருத்திக்குச் சும்மா ஏறிப் பார்க்க ஆசை. எங்கள் ஊரில் வேடிக்கை பார்த்தவர்களுக்கும் இவர்களுக்கும் ஒரே வித்தியாசம்தான். இவர்கள் பார்த்துக்கொண்டே நிற்கவில்லை, ஏறிக்கொண்டார்கள்.

ஊர் திரும்பியதும் அம்மா என் கையைத் திருப்பிப் பார்த்தாள். உள்ளங்கை காய்த்துப்போயிருந்தது. முகம் கறுத்திருந்தது. நான் எல்லாவற்றையும் சொன்னேன். எறும்பு, பனி, தாமரைக்கொடி, சந்தை. அவள் கேட்டது ஒன்றே ஒன்று.

"அந்தப் பொம்பள சந்தையிலருந்து வர வரைக்கும் நீ தனியாவா இருந்த?"

"ஆமாம்மா."

அம்மா விளக்கெண்ணெய் எடுத்து என் உள்ளங்கையில் தேய்த்துவிட்டாள். படகுப் பைகள் இந்தத் தடவை பரணுக்குப் போகவில்லை. நெல் குதிருக்குப் பக்கத்தில், கைக்கு எட்டுகிற இடத்தில் சாய்த்து வைத்தாள்.

அடுத்த வருஷம் ஐப்பசியில் லாரி டிரைவர் ஒருவர் சேதி கொண்டுவந்தார். ஆலைக் கொட்டாயைப் பெங்களூர்க்காரர் யாரோ கேட்கிறாராம், நீங்கள் வருவதானால் சீக்கிரம் சொல்லுங்கள் என்று. அண்ணன் அப்போது கிணறு ஆழப்படுத்திக்கொண்டிருந்தார்; ஆட்களை விட்டுவிட்டு நகர முடியாது. அண்ணிக்குப் பிரசவம் ஆகி மாதம் ஆகவில்லை.

"நான் போயிட்டு வரேன்" என்றேன்.

எல்லாரும் அம்மாவைப் பார்த்தோம். அம்மா அடுப்படிக்குப் போய்ப் புளிச்சோறு கட்டிக்கொண்டு வந்து என் கையில் கொடுத்தாள்.

அண்ணன் கிருஷ்ணகிரி வரைக்கும் வண்டியில் கொண்டுவந்து விட்டார். பஸ் படி உயரம். தடியை முதலில் கண்டக்டரிடம் நீட்டினேன். கம்பியை இரண்டு கையாலும் பிடித்து ஒரே இழுப்பில் மேலே வந்துவிட்டேன். ஜன்னல் ஓரத்தில் இடம் கிடைத்தது. வழி முழுவதும் குன்றும் புளியமரமும் ராகி வயலுமாக ஓடியதைப் பார்த்தபடியே போனேன். ஓசூரில் இறங்கி, ஒரு மாட்டு வண்டியைப் பேசி, நானே வழி சொல்லிப் போய்ச் சேர்ந்தேன்.

சொந்தக்காரர் என் பின்னால் அண்ணனைத் தேடினார். "தனியாவா வந்த?"

"ஆமாங்க. பெங்களூர்க்காரருக்கு முடிச்சிட்டீங்களா?"

"அவரு வந்து பாத்தாரு. வெள்ள அடிக்கணுமாம், கொப்பரைய எடுக்கணுமாம், மாட்டை அந்தப் பக்கமே விடக் கூடாதாம். அப்பறம் நான் எங்க மாடு கழுவறது? நீ சொல்லு, உனக்கு என்னா வேணும்?"

"துறை ஓரத்துல ஒரு கட்டை நட்டுக் குடுங்க. படகைக் கட்டறதுக்கு. அப்பறம் இந்த வருசம் மார்கழி முழுசும் வேணும்."

"முழுசுமா! யாரெல்லாம் வர்றீங்க?"

யோசிக்காமலே வாயில் வந்தது. "எங்கம்மாவும் வருவாங்க."

அவர் மனைவி உள்ளேயிருந்து அவரைப்பருப்புக் குழம்பும் களியும் கொண்டுவந்து வைத்தாள். பெண்களெல்லாம் நான் எப்போது வருவேன் என்று கேட்டுக்கொண்டிருப்பதாகச் சொன்னாள். இப்போது அவள் தமிழ் நன்றாகத் தேறியிருந்தது. என் தெலுங்குதான் அப்படியே இருந்தது.

வீடு திரும்பி, முடிந்துவிட்டது என்று சொன்னேன். அண்ணன் கிணற்று மண் ஒட்டிய கையோடு வந்து நின்று எல்லாவற்றையும் இரண்டு தடவை கேட்டார். அம்மாவையும் சேர்த்துச் சொல்லிவிட்டு வந்ததை மட்டும் கடைசியில் சொன்னேன். அவள் பேரனைத் தொட்டிலில் ஆட்டிக்கொண்டிருந்தாள். கை நின்றது.

"என்னியுமா? நான் எதுக்குடி அங்க?"

"வந்து பாரேன்."

கொஞ்ச நேரம் தொட்டிலை ஆட்டினாள். பிறகு என்னைப் பார்க்காமலே கேட்டாள்.

"அதுல எத்தினி பேரு ஒக்காரலாம்?"

"ரெண்டு பேரு."

"அப்ப ஒங்கண்ணன் கரையிலயே புள்ளைய வெச்சுக்கினு நிக்கட்டும்" என்றாள் அம்மா.